இருபத்து நாலு சிவப்புப் புள்ளிகள்

பட்டறை வாசலில் பெல்ட்டைக் கழற்றச் சொன்னபோதே ஓட்டைவாய்க்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்குப் பொழுது நல்லபடியாகப் போகாது என்று.

"பெல்ட்டு எதுக்குங்க? நான் யாரையும் அடிக்கிற ஆள் இல்லையே."

"பக்கிள் இரும்பு," என்றாள் காவல்காரி. "வாட்ச், சாவி, கொண்டை ஊசி, எல்லாத்தையும் இந்தப் பலகையில மாட்டிட்டுத்தான் உள்ள போகணும். முதலாளியே அப்படித்தான் போறாரு."

பலகை முழுக்க யார் யாருடைய சாவிக்கொத்தோ தொங்கியது. ஓட்டைவாய் பெல்ட்டை மாட்டிவிட்டு ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டான். பக்கத்தில் சல்லடை மேடம் கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக உருவிக் கொடுத்தார். ஐம்பது வயதுக்கு மேல் தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஒரு தொழிற்கூடத்துக்குள் நுழைவது அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

இந்த இரண்டு பேரையும் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஓட்டைவாய் என்பது அவனுக்கு ஊர் வைத்த பேர். ரகசியம் காக்கிற தொழிலுக்கு வந்தவனுக்கு இப்படி ஒரு பேர் அமைந்தது அவன் தலையெழுத்து. மேடம் பத்தொன்பது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்கு காட்டுகிறவர்களைச் சலித்துச் சலித்து எடுத்தவர், அதனால் சல்லடை. சல்லடையும் ஓட்டைவாயும் சேர்ந்து துப்பறியும் அலுவலகம் நடத்தினால் உள்ளே என்னதான் தங்கும் என்று தெருவே கேலி பேசியது. போன மாதம் காணாமல் போன ஒரு பூனையைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள். அது வேறு பூனை. அந்த வீட்டுக்காரி ஊர் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்துவிட்டாள்.

அப்படிப்பட்ட அலுவலகத்துக்குத்தான் இன்று காலை பத்து மணிக்கு இந்தப் பட்டறையின் இன்ஜினியர் வந்தான். முப்பது வயது இருக்கும். நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தது.

"எங்க அக்காவைக் காப்பாத்தணும் மேடம். சாயந்திரம் நாலு மணிக்கு விசாரணை. அதுக்குள்ள."

"அதுக்குள்ள மழையே வராதுங்க, உண்மை எங்க வரும்," என்றான் ஓட்டைவாய். மேடம் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

இன்ஜினியர் விவரம் சொன்னான். அவர்கள் செய்வது உளுந்து அளவு ரோபோ. பட்டறையில் அதற்கு எறும்பு என்று பேர். யாராவது எதையாவது விழுங்கி மூச்சுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இந்த எறும்பு உள்ளே நடந்து போய் அதைக் கவ்விக்கொண்டு வரும். ஆறு கால், காலுக்கு இரண்டு மூட்டு.

"இத்தனூண்டு மூட்டுக்கு ஸ்பிரிங் வெச்சா கொஞ்ச நாள் மடங்கி நிமிர்ந்ததும் ஒடிஞ்சிடும் மேடம். அதனால நான் ஸ்பிரிங்குக்குப் பதிலா காந்தம் வெச்சேன். உடம்புப் பக்கம் ஒண்ணு, கால் பக்கம் ஒண்ணு. காலை மடக்கினா ரெண்டும் விலகும். விலகி இருக்கப் பிடிக்காம ஒண்ணையொண்ணு இழுத்து, காலைப் பழையபடி நேராக்கிடும். ஒடியறதுக்கு அதுல ஒண்ணுமே கிடையாது."

"புருஷன் பொண்டாட்டி மாதிரி," என்றான் ஓட்டைவாய்.

"நீ எந்தப் புருஷன் பொண்டாட்டியைப் பார்த்தே?" என்றார் மேடம். அவர் வீட்டுக்காரர் பிரிந்து போய் பதினோரு வருஷம் ஆகிறது.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரிக்காரர்கள் முன்னால் எறும்பை ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டார்கள். நாலு அடி வைத்தது. அப்புறம் ஆறு காலும் ஆறு பக்கம் துவண்டு குப்புற விழுந்தது. முதலாளிக்கு மானம் போயிற்று. அந்த எறும்பின் காந்தங்களைச் சோதித்துப் பொருத்தியது இன்ஜினியரின் அக்கா. ஆஸ்பத்திரி ஆர்டர் கிடைத்தால் பொருத்துகிற வேலைக்கு மெஷின் வாங்குவதாக இருந்தார்கள். மெஷின் வந்தால் அக்காவின் நாற்காலி காலி. ஆகவே அவள்தான் கழித்துப் போட்ட காந்தங்களை வேண்டுமென்றே வைத்துக் கவிழ்த்துவிட்டாள் என்பது முதலாளியின் கட்சி.

"அப்படின்னு முடிவு பண்ணிட்டா வேலையை விட்டு அனுப்பறதோட நிக்க மாட்டாங்க. இந்தத் தொழில்ல இருக்கிற எல்லாப் பட்டறைக்கும் கடிதம் போயிடும். அவளுக்கு நாற்பத்து நாலு வயசு. வேற தொழில் தெரியாது. அப்பா அம்மா போனப்ப எனக்கு ஒன்பது வயசு மேடம், அவதான் என்னைப் படிக்க வெச்சா."

சொல்லும்போது குரல் உடைந்தது. ஓட்டைவாய்க்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் ஆள் படி இறங்கியதும் வழக்கம்போல் ஒரு சந்தேகம் வந்தது அவனுக்கு.

"ஊர்ல எத்தனையோ பெரிய ஆளுங்க இருக்காங்க. நம்மகிட்ட ஏன் வந்தான்?"

"கேள்வி நல்லாத்தான் இருக்கு," என்று செருப்பை மாட்டினார் மேடம்.

இதோ, இப்போது பட்டறைக்குள். முதலாளி அவர்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "நாலு மணி வரைக்கும் பாருங்க. இன்ஜினியர் கேட்டுக்கிட்டான்னு விடறேன். காந்தத்துலதான் கோளாறுன்னு அவனே எழுதிக் கொடுத்திருக்கான். அவ அக்காவா இருந்தும் எழுதிக் கொடுத்தான் பாருங்க, அவன் மனுஷன்."

அக்கா ஜன்னலோரம் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒல்லி உடம்பு. முடியைத் துணி நாடாவால் கட்டியிருந்தாள். பட்டறையில் எல்லாருக்கும் அவள் புள்ளியக்கா. காரணத்தை அவளே செய்து காட்டினாள். பிளாஸ்டிக் இடுக்கியில் ஒரு காந்தத் துணுக்கை எடுத்தாள். மணல் பருக்கை கணக்காக இருந்தது. அதில் மூன்று குட்டி எஃகு மணிகளை ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்கவிட்டாள்.

"மூணு மணி தாங்கினா பாஸ். ரெண்டுதான் தாங்குச்சுன்னா கழிவு டப்பா. பாஸானதுக்கு மட்டும் வடக்கு முகத்துல ஒரு புள்ளி வைப்பேன். அப்பத்தான் தலைகீழா ஒட்டாம இருக்கும். தலைகீழா ஒட்டினா கால் நிமிராது, உதைக்கும்."

புள்ளி வைக்க அவளிடம் ஒற்றை மயிர் பிரஷ். தொட்டுக்கொள்ளச் சிவப்பு நெயில் பாலிஷ். மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தாள். ஓட்டைவாயும் கூடவே மூச்சைப் பிடித்தான், பேண்ட்டை விட்டான், மறுபடி பிடித்தான்.

"உங்க தம்பிதான் எங்களை அனுப்பினார்," என்றார் மேடம்.

"பாவம் அவன். மூணு நாளா தூங்கலை." அவள் நிமிரவே இல்லை. "எனக்காக அலைய வேண்டாம்னு சொல்லுங்க. நடக்கிறது நடக்கட்டும்."

வேலை போகப் போகிறவள் பேசுகிற பேச்சாக அது இல்லை என்று ஓட்டைவாய்க்குப் பட்டது.

விழுந்த எறும்பு ஒரு கண்ணாடி டப்பாவில் தனியாக இருந்தது. மேடம் அதை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பத்து நிமிஷம் பார்த்தார். பிறகு அதே வாரம் செய்த இன்னொரு எறும்பை வைத்துப் பார்த்தார். பிறகு மறுபடி முதல் எறும்பு.

"எல்லாத்துக்கும் ஒரே பாட்டில்தானா?"

பிரஷ் ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. "ஆமா. ஒரே பாட்டில்தான்."

"ஓட்டை, இங்க வா. இதைப் பாரு. இப்ப அதைப் பாரு. என்ன வித்தியாசம்?"

அவன் மாறி மாறிப் பார்த்தான். "ரெண்டும் சிவப்பு."

"உனக்குக் கல்யாணம் ஆகலைன்னு நல்லாத் தெரியுது," என்று எழுந்தார் மேடம். "மத்ததெல்லாம் செங்கல் சிவப்பு. விழுந்த எறும்புல மட்டும் இருபத்து நாலு புள்ளியும் ரோஸ் கலந்த சிவப்பு. வா, கடைக்குப் போயிட்டு வரலாம்."

தெருக்கோடியில் ஒரு ஃபேன்சி ஸ்டோர். பெல்ட் திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில் ஓட்டைவாய் இரண்டு கையையும் வீசிக்கொண்டு உள்ளே போனான். கல்லாவில் இருந்த பெண்ணிடம் மேடம் விரலை நீட்டி, சிவப்பில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டார். கூடவே பட்டறையில் வேலை செய்கிற அந்த அக்கா இங்கேதான் வாங்குவாரா என்றும்.

"நாடா கட்டின அக்காதானே? செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தாங்க. பழைய பாட்டில் காஞ்சு கட்டியாயிடுச்சாம். அதே கலர்தான் வேணும்னு நின்னாங்க. அந்தக் கலர் வர்றதே இல்லைன்னு சொன்னா கேக்கலை. எட்டு விரல்ல எட்டு சிவப்பு போட்டுப் பாத்துட்டு, கடைசியில இதை எடுத்துட்டுப் போனாங்க." பாட்டிலை எடுத்துக் காட்டினாள். ரோஸ் கலந்த சிவப்பு. "ஒரு பாட்டிலுக்கு அழற மாதிரி நின்னாங்க, எனக்கே பாவமா இருந்துச்சு."

வெளியே வந்ததும் ஓட்டைவாய் கையைத் தட்டித் துடைத்தான். "முடிஞ்சுது மேடம். எறும்பு விழுந்தது காலையில. அவ பாலிஷ் வாங்கினது மத்தியானம். அந்தச் சின்னப் புள்ளியை வைக்க ஊர்லயே அவ ஒருத்தி கைதான் உண்டு. தடயத்தை அழிச்சிருக்கா. காப்பாத்தப் போய் நாமளே அவ தலையில கல்லைப் போடப் போறோம்."

"எந்தத் தடயத்தை அழிச்சா?"

"புள்ளியை."

"புள்ளி மேல புள்ளி வெச்சா எது மறையும்?"

"புள்ளிதான்."

"அப்ப பழைய புள்ளிக்கு ஏதோ ஆயிருக்கு. யாரும் பாக்கக் கூடாதபடி." மேடம் தானும் ஒரு பாட்டில் வாங்கியிருந்தார். வீட்டுச் சாவியில் ஒரு புள்ளி வைத்து, ஊதி ஆறவிட்டு, கையை நீட்டினார். "லைட்டரைக் குடு. நீ சிகரெட்டை விட்டுட்டேன்னு சொன்னதை நான் நம்பலை."

ஓட்டைவாய் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தான். சாவியின் அடியில் சுடரைக் காட்டினார் மேடம். கொஞ்ச நேரத்தில் சிவப்பு கறுத்து, பழுப்பாகி, ஓரத்தில் பொரிந்தது.

"எரிஞ்ச கடைக்கெல்லாம் இன்சூரன்ஸ் கேட்டு வருவாங்க. எந்தச் சூட்டுல பெயிண்ட் என்ன ஆகும்னு பாத்துப் பாத்தே எனக்கு நரைச்சுது," என்றார் சாவியை உதறிக்கொண்டு. "அந்த எறும்பை யாரோ சுட்டிருக்காங்க."

பட்டறைக்குத் திரும்பி, மறுபடி பெல்ட்டைக் கழற்றி, பட்டறையின் சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர்காரரிடம் போனார்கள். காது கொஞ்சம் மந்தமான மனிதர். அவர் முதுகுக்குப் பின்னால் பிரிட்ஜ் மாதிரி ஒரு சூட்டுப் பெட்டி இருந்தது. பிளாஸ்டிக் பாகங்களை உலர்த்த வைத்திருப்பது.

"காந்தத்தை இதுல வெச்சா என்ன ஆகும்?" என்று கத்தினான் ஓட்டைவாய்.

"செத்துப் போகும்," என்றார் ஸ்டோர்காரர் நிதானமாக. "அறுபது டிகிரிக்கு மேல போனா இழுவை பாதியாயிடும். இங்க வேலைக்கு வர்றவங்களுக்கு முதல் நாளே சொல்றது அதுதான்."

"சமீபத்துல யாராவது எறும்பை வெச்சாங்களா?"

"திங்கக்கிழமை சாயந்திரம் இன்ஜினியர் தம்பி வெச்சாரு. ஒரு கால் பசை விட்டுப் போச்சுன்னாரு. பசை தானா காய ஒரு நாள் ஆகும். மறுநாள் காலையில ஆஸ்பத்திரிக்காரங்க வர்றாங்களே, அவசரம். அறுபதுலதான் வெச்சாரு, அறுபது தாங்கும்." அவர் பெட்டியைச் செல்லமாகத் தட்டினார். "ஆனா இந்தச் சனியன் அறுபதுன்னு வெச்சா முதல்ல நூறைத் தாண்டிட்டுத்தான் இறங்கி வரும். எங்களுக்கெல்லாம் தெரியும். படிச்சவங்க திருகின நம்பரைத்தான் நம்புவாங்க."

ஓட்டைவாய் மேடத்தைப் பார்த்தான். மேடம் பெட்டியைப் பார்க்கவில்லை. மேஜையில் கம்பியில்லாமல் நூலில் கோத்துத் தொங்கிய சீட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஸ்டோரிலிருந்து எதை எடுத்தாலும் சீட்டு எழுதி, நேரம் போட்டு, கையெழுத்து வைக்க வேண்டும். ஒரு சீட்டில் அவர் விரல் நின்றது. அதை ஓட்டைவாய் பக்கம் திருப்பினார்.

செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது பத்து. காந்தம் இருபத்து நாலு. கீழே இன்ஜினியரின் கையெழுத்து.

"ஆறு கால், பன்னிரண்டு மூட்டு," என்று விரல் விட்டான் ஓட்டைவாய். "மூட்டுக்கு ரெண்டு. ஒரு எறும்புக்குத் தேவையானது." பேண்ட் நழுவுவதுகூட அவனுக்குத் தெரியவில்லை. "விழுந்தது பதினொரு மணிக்கு. ஒன்பது பத்துக்கே காந்தம் செத்தது இவனுக்குத் தெரியும். மாத்தலாம்னு எடுத்திருக்கான். பொழுது போதலை. அப்படியே குழாய்க்குள்ள விட்டுட்டான்."

"பத்து நிமிஷம் தாங்கினா போதும்னு நினைச்சிருப்பான்."

"விழுந்ததும் காந்தத்துல கோளாறுன்னு எழுதிக் கொடுத்திருக்கான். அக்காவைக் காப்பாத்துங்கன்னு நம்மகிட்ட வந்து அழறான்." அவன் நிறுத்தினான். காலையில் கேட்ட கேள்விக்குப் பதில் அவன் வாயிலேயே வந்தது. "பூனை."

"பூனைதான்," என்றார் மேடம். "அக்காவுக்காக டிடெக்டிவ்வெல்லாம் வெச்சுப் பாத்தான்னு பேரும் ஆச்சு. நாம ஒண்ணும் கண்டுபிடிக்க மாட்டோம்னு நம்பிக்கையும் ஆச்சு. ஊர்லயே மட்டமான ஆளாப் பாத்து, விசாரிச்சுத் தேடிப் பிடிச்சிருக்கான்."

ஓட்டைவாயைத் திட்டியவர்கள் நிறைய உண்டு. இப்படி நம்பி வந்து கேவலப்படுத்தினவன் இவன் ஒருத்தன்தான்.

மூன்றரைக்குப் புள்ளியக்காவின் மேஜைக்கு வந்தார்கள். மேடம் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"செவ்வாய்க்கிழமை மத்தியானம் டப்பாவைத் திறந்தீங்க. புள்ளியெல்லாம் பழுப்பாகிக் கிடந்துச்சு. பாத்ததுமே உங்களுக்குப் புரிஞ்சு போச்சு. முதலாளி பாக்கறதுக்குள்ள மேல புதுசா வெச்சுட்டீங்க. சரியா?"

அவள் இடுக்கியைக் கீழே வைத்தாள். "அவனுக்குத் தெரியாதுங்க," என்றாள் மெதுவாக. "அந்தப் பெட்டி எகிறும்னு அவனுக்குத் தெரியாது. அறுபதுல வெச்சோம், அது பாட்டுக்கு இருந்திருக்கும்னு நினைச்சுக்கிட்டு இருக்கான். அஞ்சு வருஷமா அந்த எறும்புதான் அவனுக்கு உசிர். தன் கையாலயே கெடுத்தோம்னு தெரிஞ்சா ஒடிஞ்சு போயிடுவான். என் பேர் கெட்டா கெட்டுட்டுப் போகட்டும். நீங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மேடம் சீட்டை அவள் முன்னால் வைத்தார்.

புள்ளியக்கா படித்தாள். நாள் முழுக்கப் பொடி எழுத்தையும் பொடிப் பொருளையும் பார்த்துப் பழகிய கண். ஒரே பார்வையில் படித்திருப்பாள். ஆனாலும் வெகுநேரம் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மூன்று நாளாக அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது தம்பிக்குத் தெரியாது என்கிற ஒரே நினைப்பு. அதை இந்தத் துண்டுக் காகிதம் பிடுங்கிக்கொண்டது. அவள் முகத்தைப் பார்க்க ஓட்டைவாய்க்குத் தைரியம் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து இன்ஜினியர் வந்தான். வேக நடை, கொஞ்சம் தெளிந்த முகம்.

"அக்கா, வா போகலாம். முதலாளிகிட்ட நான் பேசிட்டேன். கவனக்குறைவா நடந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை ஒத்துக்கிட்டா போதும். வேலை போகும், ஆனா கடிதம் அனுப்ப மாட்டாங்க. நீ ஒண்ணும் பேச வேண்டாம், நான் பேசிக்கிறேன், நீ தலையை மட்டும் ஆட்டு."

"ஒன்பது பத்துக்கே உனக்குத் தெரியுமா?" என்றாள் அவள்.

அவன் சீட்டைப் பார்த்தான். மேடத்தைப் பார்த்தான். ஓட்டைவாயைப் பார்த்தபோது, இந்தப் பூனை பிடிக்கிறவனா என்கிற ஆச்சரியம் ஒரு கணம் கண்ணில் வந்து போனது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"என் பேர் கெட்டா நாம ரெண்டு பேரும் நடுத்தெருவுலக்கா. உன் வேலை போனா நான் இருக்கேன், உன்னை உட்கார வெச்சுச் சோறு போட மாட்டேனா? யோசிச்சுப் பாத்துத்தான் செஞ்சேன்."

"என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. கேட்டிருந்தா நானே சரின்னு சொல்லியிருப்பேன்."

அவள் எழுந்தாள். சீட்டை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்கு நடந்தாள். மேடம் பின்னால் போனார். இன்ஜினியரும் போனான், வேறு வழியில்லாமல். ஓட்டைவாய் கதவோரம் நின்றுகொண்டான்.

மேடம் நறுக்கென்று சொன்னார். பெட்டி எகிறியது, புள்ளி பழுப்பானது, ஒன்பது பத்துக்கு எடுத்த இருபத்து நாலு காந்தம். நாலே நிமிஷம். இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு கேஸை முடித்ததில்லை என்று ஓட்டைவாய்க்கு உள்ளுக்குள் பெருமைகூட வந்தது. முதலாளி சீட்டை முன்னும் பின்னும் திருப்பினார்.

"அப்ப புது புள்ளி வெச்சது யாரு?" என்றார்.

"நான்தான்," என்றாள் புள்ளியக்கா.

"சோதனைக்குன்னு எடுத்து வெச்ச டப்பாவைத் திறந்து?"

"ஆமாங்க."

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். "பெட்டி எகிறினது எதிர்பாராம நடந்தது. தெரிஞ்சும் சொல்லாம விட்டான் பாரு, அது தப்புதான், அவனை நான் தனியா கவனிச்சுக்கிறேன். ஆனா எறும்பை வரைஞ்சவன் அவன். அவனை அனுப்பிட்டு நாளைக்கு நான் எதை விக்கிறது?" அவர் குரல் ஏறவே இல்லை. அதுதான் கொடுமை. "உன் விஷயம் வேற. சோதனைப் பொருள்ல கை வெச்சிருக்கே. நீயே ஒத்துக்கிட்டே. சாட்சிக்கு இந்த அம்மாவும் இருக்காங்க."

"அவ மறைச்சது அவன் தப்பைத்தான் சார்," என்றார் மேடம்.

"புரியுது. இன்னிக்குத் தம்பிக்காக மறைச்சா. நாளைக்கு வேற யாருக்காக என்னத்தை மறைப்பா? அந்த எறும்பு மனுஷன் தொண்டைக்குள்ள போற சாமான். இப்படிப்பட்ட கையை நம்ப முடியாதுன்னு மத்த பட்டறைக்கும் சொல்லித்தான் ஆகணும். கடிதம் போகும்."

புள்ளியக்கா முதலாளியைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தாள். அவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளை அனுப்பினால் நானும் போகிறேன் என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் அந்தக் கணமே இறங்கி வந்திருப்பார், அவருக்கு எறும்புதான் முக்கியம். அது அந்த அறையில் நின்ற எல்லாருக்கும் தெரியும். அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். இன்ஜினியர் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சரிங்க," என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள்.

மேடம் வாசல் பலகையில் கொண்டை ஊசிகளைத் தேடினார். "நாம வராமலே இருந்திருந்தா," என்றார் ஓட்டைவாயிடம், "கவனக்குறைவுன்னு ஒத்துக்கிட்டு, கடிதம் இல்லாம வெளியே வந்திருப்பா. வேற இடத்துல பிழைச்சிருப்பா. கண்டுபிடிச்சுத் தொலைச்சோமே." அவன் பெல்ட்டை மாட்டிக்கொண்டான். இதைவிட அந்தப் பூனை எவ்வளவோ தேவலை.

புள்ளியக்கா சாப்பாட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கியிருந்தாள். பின்னாலேயே இன்ஜினியர் ஓடி வந்தான்.

"அக்கா."

அவள் நின்றாள். திட்டுவாள் என்று ஓட்டைவாய் எதிர்பார்த்தான். ஒரு அறை விட்டால் மனசு ஆறும் என்றுகூட நினைத்தான்.

"அந்தப் பெட்டியைப் போட்டுட்டு கால் மணி நேரம் வெறுமனே விடு," என்றாள் அவள். "எகிறிட்டு இறங்கட்டும். இறங்கினதுக்கு அப்புறம் உள்ள வை. திருகின நம்பரை நம்பாதே. இத்தனை நாள் நான் இருந்தேன், நீ வெக்கறதுக்கு முன்னாடியே போய்ப் போட்டு வெச்சுடுவேன். திங்கக்கிழமை ஒரு நாள் சீக்கிரம் வீட்டுக்குப் போயிட்டேன். இனிமே உனக்கு அங்க ஆள் கிடையாது."

பேருந்து வந்தது. ஏறிவிட்டாள். ஜன்னல் பக்கம் இடம் இருந்தும் உள்பக்கமாகப் போய் உட்கார்ந்தாள்.

இன்ஜினியர் தெரு நடுவில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதினான். ஓட்டைவாய் தாண்டிப் போகிற சாக்கில் எட்டிப் பார்த்தான். பெட்டியைப் போட்டுக் கால் மணி நேரம் காத்திருக்கவும் என்று எழுதி, அடியில் கோடு போட்டிருந்தான்.